ஓதம் ஏறாத ஊர்

ஏப்ரல் 9

பொடிசின் அப்பாவுக்கு,

நேற்று போனை வைத்தது நான்தான். சிக்னல் போகவில்லை, கை தவறவும் இல்லை. வேண்டுமென்றேதான் வைத்தேன். இனி நமக்குள் போன் வேண்டாம். போனில் நீங்கள் கத்துவீர்கள், பதிலுக்கு நான் கத்துவேன், நடுவில் பொடிசு அழுவாள், கடைசியில் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பீர்கள். கோர்ட்டில் உட்கார்ந்து அடுத்தவர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் பிசகாமல் எடுத்து, தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. என்னிடமே அந்தக் கதையா? எழுதுங்கள். எழுதிவிட்டால் மாற்றிப் பேச முடியாது.

நாம் பேசி வைத்திருந்தது என்ன? இந்த ஊரில் இனி இருக்க முடியாது. அதில் இரண்டு பேருக்கும் சண்டையே கிடையாது. வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் லாரி வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. புழுதியில் பொடிசுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஊரை மாற்றுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். என் பக்கத்துக் கதையும் உங்களுக்குத் தெரியும். ஒரு சாட்சியத்தில் ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டுத் திரும்ப அடித்துக் கொடு என்றார்கள், மாட்டேன் என்றேன், சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை நான் ஊரை விட்டு நகரக் கூடாது. அதனால் பள்ளி விடுமுறையில் நீங்கள் பொடிசைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் குளிர் ஊரைப் பார்ப்பது, அப்புறம் துறைமுக ஊரைப் பார்ப்பது, பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்வது. இதுதானே பேச்சு? நீங்களோ பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில் வீடு முடிவாகிவிட்டது என்கிறீர்கள். வீடு பார்க்கப் போனீர்களா, என்னை ஒதுக்கிவைக்கப் போனீர்களா?

வாழ்வதற்கு ஊர் தேடுகிறவர்கள் தெர்மாமீட்டரை மட்டுமா பார்ப்பார்கள்? அங்கே பஸ்ஸில் ஆட்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? பேப்பரில் யாரைத் திட்டி எழுதுகிறார்கள்? திட்டியவன் மறுநாள் வேலைக்கு வருகிறானா? இதையெல்லாம் பார்த்து எழுதுங்கள்.

பிப்ரவரியில், சஸ்பெண்டுக்கு முன்னால், துறைமுக ஊருக்குப் போய்விட்டு வந்து நான் சொன்னதை நீங்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. திரும்பவும் சொல்கிறேன். கவுன்சிலரை ஒரு பெண் நடுத்தெருவில் நிறுத்தி வைத்துச் சாக்கடைக்காகக் கிழி கிழி என்று கிழித்தாள். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் அதே பெண்ணை அதே தெருவில் பார்த்தேன். எனக்கு அது போதும்.

வீட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பொடிசின் அம்மா


ஏப்ரல் 15

பொடிசின் அம்மாவுக்கு,

உன் சம்மன் கிடைத்தது. ஆஜராகிவிட்டேன்.

முதலில் எது முக்கியமோ அதைச் சொல்கிறேன். பொடிசு இங்கே வந்ததிலிருந்து இன்ஹேலரைத் தொடவே இல்லை. காலையில் எழுந்ததும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சந்து முனை வரைக்கும் ஓடுகிறாள். திரும்பி வரும்போது மூச்சு வாங்குகிறது, இருமல் இல்லை. ஓடினால் எந்தப் பிள்ளைக்கும் வாங்குகிற மூச்சுதான். அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை நீ பார்த்திருந்தால் இவ்வளவு பெரிய கடிதம் எழுதியிருக்க மாட்டாய். எழுதியிருப்பாய், ஆனால் பாதியாவது குறைந்திருக்கும்.

நீ கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இதோ. பஸ்ஸில் யாரும் பேசுவதில்லை. எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவரவர் ஸ்டாப்பில் இறங்கிப் போகிறார்கள். பேப்பரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. பூங்காவில் என்ன பூத்திருக்கிறது என்று முதல் பக்கத்தில் போடுகிறார்கள். உனக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது.

துறைமுக ஊரைப் பற்றி என்னிடம் பேசாதே. ஒழுகும் கூரைக்கும் கசியும் சுவருக்கும் வைத்தியம் பார்த்தே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கடல் பக்கத்துச் சுவர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஓதம் இடுப்பு வரைக்கும் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தப் பூஞ்சைக் காற்றில் பொடிசைப் படுக்க வைத்துவிட்டு நீ தெருவில் போய்க் கவுன்சிலரைத் திட்டப் போகிறாயா?

இங்கே வீட்டைத் தட்டிப் பார்த்தேன். பூச்சு விட்டுப்போனால் கேட்கிற பொள்ளல் சத்தம் எந்தச் சுவரிலும் இல்லை. ஓதம் என்கிற பேச்சே கிடையாது. ஒரே ஒரு வேடிக்கை. தெருப் பக்கத்து மதிலில் பெயிண்ட் தோல் தோலாக ஏறிக் கிடந்தது. இவ்வளவு தடிமனாக அடித்தால் அடியில் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எங்கள் தொழிலில் நினைப்போம். பட்டி பூசுகிற தகட்டை எடுத்துச் சுரண்டினேன். ஈரம் இல்லை. கறுப்பு எழுத்தில் "எங்கே" என்று ஒரு சொல் வந்தது. மிச்சமெல்லாம் பெயிண்டுக்குள் இருந்தது. அதற்குள் வீட்டுக்கார அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும் தம்பி, போதும்" என்று அப்படி ஒரு நடுக்கம். நல்ல மனுஷி, கொஞ்சம் அலட்டிக்கொள்கிற சுபாவம். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு வணக்கம் வைத்தேன்.

வேலையும் கிடைக்கும் போலிருக்கிறது. நகராட்சிக்குச் சுவர் வேலை எடுத்துச் செய்கிற ஒப்பந்தக்காரர் ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் எந்நேரமும் எங்காவது வெள்ளையடித்துக்கொண்டே இருக்கிறார்கள். சுத்தமான ஊர்.

பொடிசின் அப்பா


ஏப்ரல் 20

பொடிசின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்தேன். அப்படியும் அடங்கவில்லை.

ஓதம் இல்லாத சுவருக்கு எதற்கு அத்தனை பூச்சு என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? எந்நேரமும் வெள்ளையடிக்கிறார்களாம், சுத்தமான ஊராம். ஒரு ஊரில் அடிக்கடி சுவரை அடிக்கிறார்கள் என்றால் யாரோ அடிக்கடி எழுதுகிறார்கள் என்று அர்த்தம். "எங்கே" என்று யாரும் விளையாட்டுக்கு எழுத மாட்டார்கள். யாரோ காணாமல் போயிருக்கிறார்கள், வீட்டில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, ஈரம் இல்லை என்று சந்தோஷப்பட்டு, வேடிக்கை பார்த்தவனுக்கு வணக்கமும் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த அம்மா அலட்டிக்கொள்கிற சுபாவமா? பயத்துக்கும் அலட்டலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

இனி அந்த மதிலைத் தொடாதீர்கள். அந்த ஒப்பந்தக்காரரிடமும் போகாதீர்கள். அவர் கூப்பிடுவது எதை அடிக்க என்று இப்போதாவது புரிகிறதா?

இங்கே என் நிலைமையைக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். தலைமை எழுத்தர் வீட்டுக்கே வந்தார். ரொம்ப அன்பாகப் பேசினார். விசாரணை அடுத்த மாதம் இருபத்து நாலாம் தேதி. அதற்குள் அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்துக் கொடுத்துவிட்டால் கேஸே இல்லையாம். கேட்கிற ஊருக்கு மாற்றலும் தருவார்களாம்.

அந்த வாக்கியம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சாட்சிக் கூண்டில் நின்ற அந்த அம்மா ஒரு தடவைதான் சொன்னார். "என் மகனை உயிரோடதான் கூட்டிட்டுப் போனாங்க." அழக்கூட இல்லை. எதிரே உட்கார்ந்து அதை எழுதியது நான். அவர் சொன்னதற்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் அடையாளம். அதை எடுக்கச் சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒரு வாக்கியம்தானே, எடுத்தா என்ன?" என்றீர்கள். மேலதிகாரி சொன்னது எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை.

பொடிசைக் கூட்டிக்கொண்டு துறைமுக ஊருக்குப் போங்கள். அதையும் பாருங்கள். பேச்சு அதுதான்.

பொடிசின் அம்மா


ஏப்ரல் 26

பொடிசின் அம்மாவுக்கு,

ஆமாம், சொன்னேன். ஒரு வாக்கியம்தானே என்று சொன்னேன். எப்போது சொன்னேன் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டாய். வார்த்தை பிசகாமல் எழுதுகிறவள் அதையும் எழுதியிருக்க வேண்டும். பொடிசை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்குச் சொன்னேன். நீ உன் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஆபீஸில் நின்றுகொண்டிருந்தாய். அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். நர்ஸ் பத்துத் தடவை கேட்டாள், அம்மா எங்கே என்று. நான் என்ன சொல்ல? அவள் அம்மா ஊரார் பிள்ளைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றா?

நீ நினைக்கிற அளவுக்கு நான் மடையன் இல்லை. அந்த எழுத்து என்ன என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. சுரண்டிய நிமிஷம் தெரியவில்லை, அந்த அம்மாவின் கை நடுங்கியபோது தெரிந்துவிட்டது. அதை உனக்கு வேடிக்கை மாதிரி எழுதியது என் தப்பு, உண்மையாக எழுதினால் நீ குதிப்பாய் என்றுதான். அதனால் என்ன இப்போது? இத்தனை வருஷத்தில் ஓதமே ஏறாத சுவரை நான் பார்த்தது கிடையாது. எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, அதோடு குடியிருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இந்த ஊரில் முடியும். அவரவர் ஜோலியைப் பார்த்துக்கொண்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் முடியும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே வாழ்கிறார்கள். அவர்களெல்லாம் மனுஷர்கள் இல்லையா?

வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கத்து, எனக்குக் கவலையில்லை.

பள்ளியிலும் பேசிவிட்டேன். பெரிய ஜன்னல்கள், பெரிய மைதானம், புழுதியே இல்லை. தலைமை ஆசிரியை பொடிசைப் பக்கத்தில் உட்கார வைத்து அன்பாகக் கேள்வி கேட்டார். அம்மா எங்கே வேலை பார்க்கிறாங்க, வீட்டில் சாப்பிடும்போது அப்பா அம்மா என்ன பேசிக்குவாங்க, யாரையாவது பற்றிக் கோபமாகப் பேசுவாங்களா என்றெல்லாம் கேட்டார். நம் பொடிசுதான் எதையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற ஆளாயிற்றே. ஆனால் அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எங்க வீட்ல டிவி பார்த்துக்கிட்டேதான் சாப்பிடுவோம், யாரும் பேச மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். நம் வீட்டில் டிவி ரிப்பேராகி எவ்வளவு காலம் ஆகிறது. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னாள். சமத்து. உன்னைவிட நன்றாகப் பிழைத்துக்கொள்வாள்.

பொடிசின் அப்பா


மே 2

பொடிசின் அப்பாவுக்கு,

அவளை எதற்குப் பள்ளியில் அந்தக் கேள்வியெல்லாம் கேட்டார்கள் என்று யோசித்தீர்களா? அதை என்னிடம் பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். தெரியாமல் சொன்ன பொய் என்றால் பரவாயில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டிருக்கிறாள். அவள் படிப்பது இரண்டாம் வகுப்பு.

ஆஸ்பத்திரியில் நான் இல்லைதான். அதைச் சொல்லி என்னை எப்போது வேண்டுமானாலும் குத்தலாம் என்று நீங்கள் எடுத்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். குத்துங்கள். ஆனால் ஊரார் பிள்ளை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் உங்களை மன்னிக்கப் போவதில்லை. அந்தப் பையன் ஊரார் பிள்ளை என்றால், நம் பொடிசு ஊராருக்கு யார்?

அவள் இருமாமல் ஓடுகிறாள் என்று நீங்கள் எழுதிய இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானும்தான் யோசிக்கிறேன். கையில் இருப்பது ஒரே பிள்ளை, அவளுக்கு நல்ல காற்றைக் கொடுக்காமல் நான் எதைக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று எனக்கும் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போதெல்லாம் அந்த டிவி ஞாபகம் வந்து உடம்பெல்லாம் எரிகிறது.

இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். வந்து என் எதிரே உட்கார்ந்து சண்டை போடுங்கள்.

பொடிசின் அம்மா


மே 8

அன்புள்ள மனைவிக்கு,

நானும் நம் மகளும் இங்கே மிகவும் நலமாக இருக்கிறோம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்த ஊர் மிகவும் அழகான ஊர். மக்கள் அமைதியானவர்கள். அதிகாரிகள் பொறுப்போடு நடந்துகொள்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த எங்களுக்கு எல்லா உதவியும் செய்கிறார்கள். நான் முன்பு எழுதிய கடிதங்களில் அறியாமையால் சில விஷயங்களைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன். மதிலில் நான் பார்த்ததாக எழுதியது பழைய விளம்பரம். அதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம்.

எனக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. நம் மகள் பள்ளியில் சேர ஆவலாக இருக்கிறாள். உன் விசாரணை முடிந்ததும் நீயும் இங்கே வந்து எங்களோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உன் கருத்துகளை நான் மதிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள கணவன்


மே 12

பொடிசின் அப்பாவுக்கு,

இதை நான் தபாலில் போடவில்லை. என் தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறேன். லாரியை அவன் கடைத்தெருவிலேயே நிறுத்துவான். துறைமுகத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போகிறான். படித்துவிட்டு அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. நம் கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் என்னை அன்புள்ள மனைவி என்று கூப்பிட்டது கிடையாது. என் கருத்தை மதித்ததும் கிடையாது. என் வேலை உங்களுக்குத் தெரியும். அடித்து, மிரட்டி எழுதி வாங்கிய வாக்குமூலங்களை எத்தனை அடித்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே நடைதான். அறியாமையால் குறிப்பிட்டுவிட்டேன், அதிகாரிகள் எல்லா உதவியும் செய்கிறார்கள். ஒரு வாக்கியத்திலும் தப்பு இருக்காது, ஒரு இடத்திலும் ஆள் இருக்க மாட்டார். படித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் என்னைத் திட்டாமல் எழுதியதற்காக அழுதேன். எனக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உங்களை அடித்தார்களா? பொடிசு அப்போது பக்கத்தில் இருந்தாளா? அதை மட்டும் தம்பியிடம் வாயால் சொல்லி அனுப்புங்கள்.

நான் நிறைய யோசித்துவிட்டேன். இதுவரை என் பிடிவாதத்தை நான் பிடிவாதம் என்று ஒப்புக்கொண்டதில்லை. இப்போது எனக்கு எதுவும் வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் வந்தால் போதும். தலைமை எழுத்தரைப் பார்த்து அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்துக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். விசாரணை வரை நேரம் இருக்கிறது. கேட்கிற ஊருக்கு மாற்றல் தருவார்கள். குளிர்ச்சியாகவும் இருந்து, இந்தப் பயமும் இல்லாத மூன்றாவது ஊர் ஒன்று எங்காவது இருக்காதா? மூன்று பேருமாகத் தேடலாம். ஒரு வாக்கியம்தானே என்று நீங்கள் சொன்னதை இப்போது நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் வாய் பழகவில்லை, பழகிவிடும்.

தம்பியோடு கிளம்பிவிடுங்கள். சாமானெல்லாம் கிடக்கட்டும்.

பொடிசின் அம்மா


மே 18

பொடிசின் அம்மாவுக்கு,

துறைமுக ஊரிலிருந்து எழுதுகிறேன். உன் ஆசைப்படியே வந்து சேர்ந்துவிட்டோம். திருப்திதானே? இதையும் உன் தம்பி கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். விசாரணைக்கு முன்னாலேயே உனக்குக் கிடைத்துவிடும். கிடைத்தே ஆக வேண்டும்.

என்னை யாரும் அடிக்கவில்லை. டீ கொடுத்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, கொஞ்சம் பேச வேண்டும் என்று மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெயிண்டுக்கு அடியில் எதைத் தேடினீர்கள் என்று கேட்டார்கள். ஓதம் பார்த்தேன் என்றேன். ஓதம் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஈரம் தரையிலிருந்து சுவரில் எப்படி ஏறும் என்று நான் கை காட்டி விளக்கமாகச் சொல்ல, அதையும் ஒருவர் எழுதிக்கொண்டார். உன் கடிதங்களின் நகல் மேஜையில் இருந்தது. "உங்க மனைவிக்கு எழுதுவீங்களே, இங்கயே உக்காந்து எழுதுங்க" என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். உன்னைப் போலவே நானும் அன்றைக்கு வார்த்தை பிசகாமல் எழுதினேன்.

அப்புறம் அந்த மதிலை நானே அடித்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அடித்தேன். என்ன செய்யச் சொல்கிறாய்? பொடிசை எங்கே விடுவது? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ரோலரை உருட்ட உருட்ட அந்த "எங்கே" கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. பாதி போன பிறகு அவள் மெதுவாக என்னிடம் வந்து, "அப்பா, அந்த எழுத்தை நான் பார்க்கலன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள். யாரும் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் என் காதில்தான் சொன்னாள். ரோலரைத் தூக்கித் தெருவில் எறியலாம் என்று வந்தது. எறியவில்லை. "சரிம்மா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அடித்து முடித்ததும் வீட்டுக்கார அம்மா வெளியே வந்து மதிலை மேலும் கீழும் பார்த்தார். தெருவில் ஆள் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நல்லா வழுவழுன்னு அடிச்சிருக்கீங்க தம்பி. நான் அடுத்த தடவை எழுதும்போது எழுத்து நல்லா தெரியும்." ஒவ்வொரு தடவையும் எழுதியது அவர்தான். அவருடைய மகன். கல்லூரிக்குப் போனவன் வரவில்லையாம். உன் கோர்ட்டில் நின்ற அந்த அம்மா மாதிரியே இவரும் அழவில்லை.

உன் தம்பி வந்து நின்றதும் சாமானையெல்லாம் போட்டது போட்டபடி விட்டேன். பொடிசைத் தூக்கி லாரியில் வைத்தேன்.

இப்போது உன் ஊரைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கேவலமான ஊர். குடியிருக்கப் பார்த்த மூன்று வீட்டிலும் ஓதம் இடுப்புக்கு மேல். ஒரு வீட்டில் தட்டிப் பார்க்க விரலை வைத்தேன், பூச்சு கையோடு வந்துவிட்டது. வீட்டுக்காரன் அதற்கு என்னோடு சண்டைக்கு வந்தான், நான் பதிலுக்குச் சண்டை போட்டேன், தெருவே கூடிப் பஞ்சாயத்து செய்தது. கடைசியில் அந்த வீட்டையே பிடித்திருக்கிறேன். பொடிசுக்கு நேற்று முதல் இருமல் வந்துவிட்டது. இன்ஹேலரைத் திரும்ப எடுத்தாயிற்று. அவள் படுக்கிற அறையை மட்டும் முதலில் உடைத்துப் பூசிக்கொண்டிருக்கிறேன். தரையோடு ஓதத்தை நிறுத்த முடிகிறதா பார்க்கலாம், முடியும் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். மழைக்காலம் வரப் போகிறது. அவளுக்கு ஒன்று என்றால் உன்னைத்தான் முதலில் கேட்பேன், அப்புறம் என்னைக் கேட்டுக்கொள்வேன். எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. இங்கே வருவதற்கு நான் பட்ட பாட்டை நினைத்தால் உன் மேலும் கோபம், அந்த ஊர் மேலும் கோபம், இந்தக் கடல் மேலும் கோபம்.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைத்தது உன் கடிதம். திரும்ப அடித்துக் கொடுக்கப் போகிறாயா? யாரைக் கேட்டுக்கொண்டு? நான் ஒரு வாக்கியம்தானே என்று சொன்னால் நான் கூறுகெட்டவன். நீயுமா? என்னைக் காப்பாற்றத்தான் என்று சொல்லாதே, நான் வந்துவிட்டேன். ஒரு மதிலை அடித்துவிட்டு இந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரிகிறேன். வீட்டில் ஒரு ஆளுக்கு இந்தப் பிழைப்பு போதும்.

இருபத்து நாலாம் தேதி விசாரணைக்குப் போ. அவர்கள் என்ன கேட்டாலும் அந்த அம்மா சொன்னது சொன்னபடி இருக்கட்டும். வேலை போனால் போகிறது. அதை எடுத்துவிட்டு இங்கே வந்து நின்றால் நான் கதவைத் திறக்க மாட்டேன். பொடிசு திறந்தாலும் விடமாட்டேன்.

முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பி வா. நேரில் வைத்துக்கொள்ளலாம் மிச்சச் சண்டையை.

பொடிசின் அப்பா